கின்பிரா சீவி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

டோக்கியோவில் அசகுசாவுக்கும் உஎனோவுக்கும் இடையில் உள்ள கப்பாபாஷி தெருவில், உணவகங்களுக்கு வேண்டிய பாத்திரங்களையும் கத்திகளையும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு கத்திக் கடையில், கின்பிரா என்னும் ஜப்பானியத் துணை உணவைச் செய்வதற்கென்றே விற்கப்படும் காய்சீவி ஒன்றை வரியுடன் 1,320 யென் கொடுத்து வாங்கினேன். பார்ப்பதற்குச் சாதாரணத் தோல்சீவியைப் போல இருந்தாலும், இதன் அலகை ஒட்டிச் சீப்பின் பற்களைப் போலச் சிறு கத்திகள் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு முறை இழுத்தால், பட்டையாக வரவேண்டிய சீவல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட இழைகளாகப் பிரிந்து விழுகிறது. எட்டு மாதங்களாக வாரம் ஒரு முறையாவது இதைக் கையில் எடுத்திருக்கிறேன்.

கோபோ என்னும் நீண்ட, மெல்லிய வேர்க்கிழங்கையும் கேரட்டையும் மெலிதாக நறுக்கி, எள்ளெண்ணெயில் வதக்கி, சோயா சாஸ், மிரின் என்னும் இனிப்பான சமையல் மது, சாகே என்னும் அரிசி மது, சிறிது சர்க்கரை ஆகியவை வற்றிக் காயின்மேல் பளபளப்பாக ஒட்டும்வரை கிளறி இறக்கும் துணை உணவுதான் கின்பிரா. ஜப்பான் வரலாற்றில் எதோ (Edo) எனப்படும் காலத்துப் பொம்மலாட்ட நாடகங்களில் புகழ்பெற்ற சகதா நோ கின்பிரா என்ற வலிமை மிக்க வீரனின் பெயரே இதற்கு வந்தது என்பார்கள். கோபோவின் முறுக்கையும் மிளகாயின் காரத்தையும் அவனுடைய வலிமையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் கெடாமல் இருப்பதால், காலையில் பெந்தோ என்னும் மதிய உணவுப் பெட்டியின் ஒரு மூலையை நிரப்ப இதைவிட உதவும் பண்டம் குறைவு.

இந்த உணவை விரைவாகச் செய்யலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுப்பில் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் அது உண்மைதான். ஆறு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. ஆனால் ஒரு கோபோவைக் கத்தியால் சீராக நறுக்க எனக்குப் பன்னிரண்டு நிமிடமாவது பிடித்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைகளில், அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு அஞ்சியே கோபோவை வாங்காமல் கடந்து போயிருக்கிறேன். இந்தச் சீவியால் அதே வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது. ஆகவே, இது மிச்சப்படுத்தும் நேரத்துக்காகச் சுவையில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதா என்பதையே நான் முக்கியமாகக் கவனித்து வந்தேன்.

கோபோவை நறுக்கும் முறைகளில் இரண்டு முக்கியமானவை. பென்சில் சீவுவதுபோல வேரைச் சுழற்றிக்கொண்டே சாய்வாகச் சீவுவது சாசாகாகி. தீக்குச்சி வடிவில் நீளவாக்கில் நறுக்குவது சென்கிரி. கோபோவின் நார்கள் வேரின் நீளத்துக்கு இணையாக ஓடுகின்றன. சாசாகாகியில் அந்த நார்கள் குறுக்கே வெட்டுப்படுவதால் துண்டு மென்மையாகிறது, சாறும் எளிதில் உள்ளிறங்குகிறது. புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவில் செய்யும் பன்றியிறைச்சி சூப்பான தோன்ஜிருவுக்கு அது மிகவும் ஏற்றது. சென்கிரியில் நார் அறுபடாமல் நிற்பதால், ஜப்பானியர்கள் ‘ஷாகிஷாகி’ என்று சொல்லும் மொறுமொறுப்பான கடி கிடைக்கிறது. சீவியை வேரின் நீளவாக்கில் இழுப்பதால், இது தருவது இரண்டாவது வகை இழை. கத்தியால் நறுக்கிய சென்கிரியைவிட மெல்லியதாக இருந்தும், நார் முழுமையாக இருப்பதால் கடி போய்விடவில்லை. வாங்கும்போது எனக்கிருந்த பெரிய ஐயம் இதுதான். முதல் நாளிலேயே அது தீர்ந்தது.

ஆனால் இழை மெல்லியது என்பதால் சமைக்கும் முறையைச் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று முறை, கத்தியால் நறுக்கிய காலத்து வழக்கப்படியே கோபோவையும் கேரட்டையும் ஒன்றாகப் போட்டு வதக்கினேன். கோபோ பதமாக வருவதற்குள் கேரட் துவண்டு, எடுக்கும்போதே அறுந்தது. இப்போது 26 சென்டிமீட்டர் வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெயையும் விதை நீக்கிய காய்ந்த மிளகாயையும் சேர்த்துச் சூடாக்கி, ஒரு கோபோவின் இழைகளை, அதாவது ஏறத்தாழ 150 கிராம், நடுத்தரத்துக்குச் சற்று மேற்பட்ட தீயில் இரண்டு நிமிடம் தனியே வதக்குகிறேன். கோபோவின் மண்வாசம் கிளம்பி, இழைகளின் ஓரம் கண்ணாடிபோல் தெளியத் தொடங்கிய பிறகே அரைக் கேரட்டின் இழைகளைச் சேர்க்கிறேன். ஒரு நிமிடம் கழித்துச் சாகே, மிரின் தலா ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, இறுதியாகச் சோயா சாஸ் ஒன்றேகால் மேசைக்கரண்டி. கத்தியால் நறுக்கும்போது ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ் ஊற்றுவேன். மெல்லிய இழை உப்பை விரைவாக இழுத்துக்கொள்வதால், அந்த அளவு இங்கே அதிகமாகிவிடுகிறது. வாணலியின் அடியில் சாறு ஓடாத நிலையில் அடுப்பை அணைத்து, வறுத்த எள்ளைத் தூவ வேண்டும்.

மிரினைப் பற்றி ஒரு சொல்: ஏறத்தாழ 14 சதவீத ஆல்கஹால் உள்ள அசல் மிரினான ஹோன்மிரினையே வாங்குங்கள். இவ்வளவு குறைந்த நேரத்தில் பளபளப்பு வர வேண்டுமானால், மிரின் சுவையூட்டி என்ற பெயரில் வரும் மலிவான புட்டிகள் எனக்கு உதவவில்லை.

நறுக்கிய கோபோ காற்றுப்பட்டதும் கறுப்பதற்குக் காரணம் அதிலுள்ள பாலிஃபீனால்கள். அதைத் தடுக்க நீரில் ஊறவைப்பது வழக்கம். சீவியில் வரும் இழைக்கு வெளிப்பரப்பு அதிகமாகையால், ஐந்து நிமிடம் ஊறினாலே நீர் தேநீர் நிறமாகி, வாசமும் அதோடு போய்விடுகிறது. தண்ணீர் நிறைந்த கிண்ணத்தின்மேல் பிடித்தே நேராக அதற்குள் சீவி, ஒரு கோபோ முடிந்தவுடன் வடித்துவிடுவது போதுமானது. தோலையும் சீவியால் எடுத்துவிடாதீர்கள்; வாசத்தின் பெரும்பகுதி தோலை ஒட்டியே இருக்கிறது. தூரிகையாலோ கத்தியின் முதுகாலோ மெல்லத் தேய்த்தால் மண் மட்டும் போய்விடும். இதைச் சரியாகச் செய்வது கருவிக்கும் நல்லது, ஏனெனில் ஒட்டியிருக்கும் மணல் துகள் பற்களின் கூர்மையைக் கெடுக்கிறது.

குறைகளில் முதலாவது, பற்களுக்கிடையே நார் சிக்கிக்கொள்வது. ஒவ்வொரு முறையும் உடனே பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். காயவிட்டால் ஊசியால் நெம்பி எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, வேர் மெலிந்துகொண்டே வரும்போது கடைசி ஆறேழு சென்டிமீட்டரைப் பிடிக்க இடமிருக்காது. அங்கே பிடிவாதமாகச் சீவப்போய் ஒருமுறை என் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். தோல்சீவிதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், அந்தப் பற்கள் கத்திகளே. மூன்றாவது குறை எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. ஆறாவது மாதத்தில் அலகு ஆடும் அச்சு தளர்ந்து, இழையின் தடிமன் ஒரே சீராக வருவது நின்றது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டபோது, அலகை மட்டும் தனியாக விற்பதில்லை என்ற பதில் வந்தது. இந்த விலைக்கு மாற்று அலகை எதிர்பார்ப்பது நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

வரியுடன் 110 யென்னுக்கு நூறு யென் கடைகளில் கிடைக்கும் இதே வகைச் சீவியையும் வாங்கிப் பார்த்தேன். கேரட்டுக்கு அது போதும். கோபோவின் கடினத்தில் அதன் அலகு வளைந்து, பாதி இழை பிரியாமல் பட்டையாகவே வந்தது. அங்காடிகளில் நறுக்கிக் கழுவிப் பையில் அடைத்து விற்கும் கின்பிரா காய்களோ இன்னும் வேகமானவை, ஆனால் அவற்றில் கடி மட்டும் இருக்கிறது, கோபோவின் வாசம் இல்லை. வீட்டில் ஒருவர் மட்டும் சாப்பிடுபவராக இருந்து, முழுக் கோபோ மீந்து வாடிப்போகும் என்றால், அந்தப் பையை வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தாமரைக்கிழங்குக் கின்பிராவுக்கு இது பயன்படாது. துளைகளில் பற்கள் மாட்டிக்கொள்கின்றன, அதை வட்டமாக அரிவதே அழகு. ஆனால் எதிர்பாராத ஒரு பயன் வெள்ளை முள்ளங்கியான தைகோனில் கிடைத்தது. சமையலுக்காக அதன் தோலை நீக்கும்போது இந்தச் சீவியாலேயே சற்று அழுத்திச் சீவினால், குப்பைக்குப் போகும் தோல் கின்பிராவுக்கான இழையாகக் கையில் வருகிறது. அச்சு தளர்ந்த பிறகும் இதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்கு அந்தத் தோல் ஒரு காரணம். பிடிக்க முடியாமல் மிஞ்சும் கோபோ நுனியைக் கத்தியால் சாசாகாகியாகச் சீவி, அன்றைய தோன்ஜிருவில் சேர்த்துவிடுகிறேன்.