சூலூர் ராணுவக்காரரின் ஆக்டிவா: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் எச்சரிக்கை

போன வெள்ளிக்கிழமை காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. எடுத்ததும் எதிரில் இருந்தவர் என் முழுப்பெயரைச் சொல்லி, "ஏன் சார், பதினாறாயிரம் வாங்கிட்டு வண்டியை அனுப்பாம இருக்கீங்களே, இது நியாயமா?" என்று கேட்டார். ஆந்திரத்துச் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். குரலில் கோபத்தைவிடக் கலக்கம்தான் அதிகம் இருந்தது. நான் அவருக்கு எந்த வண்டியும் விற்கவில்லை. ஆனால் அவர் கையில் என் ஆதார் இருந்தது.

அது அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முன் என்னிடம் 19,850 ரூபாய் பறித்தவனுக்கு என் கையாலேயே அனுப்பிய ஆதார் அது. பணம் போனபோது இதை எழுதத் தோன்றவில்லை. இப்போது என் முகத்தை வைத்து இன்னொரு வீட்டில் கை வைத்திருக்கிறான். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம் என்றாலும் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். மகளுக்குப் பொள்ளாச்சியில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. வண்ணாமடை, கோபாலபுரம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்தால் திரும்ப இருட்டிவிடும். பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கித் தரலாம் என்று பார்த்தேன். பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளில் ஓரளவு நல்ல ஆக்டிவாவுக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை. அப்போதுதான் ஒரு விளம்பரத் தளத்தில் அது கண்ணில் பட்டது: 2021 மாடல் ஆக்டிவா, டிஎன் 41 பதிவு, ஒரே ஓனர், 28,000 ரூபாய்.

வாட்ஸப்பில் கேட்டேன். சூலூர் விமானப்படைத் தளத்தில் வேலை, திடீரென்று லடாக்குக்கு மாற்றல், வண்டியைக் கொண்டுபோக முடியாது, அதனால்தான் இந்த விலை என்றான். முகப்புப் படத்தில் சீருடையில் ஒருவர், மடியில் குழந்தை. நான் கேட்காமலேயே அடையாள அட்டை, கேண்டீன் கார்டு, ஆதார், ஆர்சி எல்லாம் வந்தன. போனில் பேசினால் இந்தி. எழுத்தில் மட்டும் தமிழ், அதுவும் மெஷின் மாற்றிக் கொடுத்த தமிழ். சூலூர் இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். அங்கே வடநாட்டுக்காரர்கள் இருப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்தி எனக்கு உறுத்தவில்லை.

ஒன்றும் பார்க்காமல் நான் பணம் கட்டவில்லை. வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மாடல், பதிவுத் தேதி, பொள்ளாச்சி ஆர்டிஓ, இன்சூரன்ஸ் முடியும் நாள் எல்லாம் அவன் அனுப்பிய ஆர்சியோடு பொருந்தின. உரிமையாளர் பெயர் பாதி நட்சத்திரக் குறிகளாக மறைந்துதான் வரும், தெரிந்த எழுத்துகளும் சரியாகவே இருந்தன. அதில்தான் நான் விழுந்தேன். வண்டி உண்மையானது, விற்பவன்தான் பொய். யாரோ ஒருவர் நிஜமாகவே விற்கப் போட்ட விளம்பரத்திலிருந்து படங்களை எடுத்து, அவரிடம் வாங்குகிறவன் போலப் பேசி ஆர்சியையும் வாங்கி, அதையே விலையைக் குறைத்துத் தன் பெயரில் போட்டிருக்கிறான். செயலி வண்டியைப் பற்றித்தான் சொல்லும். எதிரில் பேசுகிறவன் யார் என்று அது சொல்லாது.

இன்னொன்றும் அப்போதே நெருடியது, நான் விட்டுவிட்டேன். "டிஎன் வண்டியாச்சே, கேரளாவுக்கு மாற்ற என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டுமே" என்று கேட்டதற்கு, "ஆர்மி வண்டிக்கு என்ஓசி தேவையில்லை" என்றான். எல்லையில் பிறந்து வளர்ந்த நமக்கு இது தெரிந்த விஷயம்தான். ராணுவத்தில் இருப்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிற ஸ்கூட்டர் நம் வண்டி மாதிரியே சாதாரண ஆர்டிஓ பதிவுதான். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடமிருந்து 28-ஆம் எண் படிவத்தில் என்ஓசி வாங்க வேண்டும், புதிய மாநிலத்தில் வரி கட்ட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால் அது அடைந்ததற்கு 35-ஆம் படிவம். இதில் ஏதாவது ஒன்று தேவையில்லை என்று ஒருவன் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் போன விதத்தைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். முதலில் கேட்டது 2,150 ரூபாய்தான். "ஆர்மி டிரான்ஸ்போர்ட்டில் வீட்டுக்கே வரும், வண்டியைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்" என்றான். இருபத்தெட்டாயிரத்தை முன்னால் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். வாடகைதானே என்று அனுப்பினேன். சாயங்காலம் படம் வந்தது: வண்டியைப் பாலிதீனில் சுற்றி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள், மேலே ராணுவ முத்திரையோடு ரசீது, அதில் என் பெயர், என் முகவரி. ரசீது போடத்தான் என் ஆதாரைக் கேட்டிருந்தான்.

அப்புறம் வேறொருவன் டெலிவரிக்காரன் என்று அழைத்தான். வாளையாறு தாண்டிவிட்டேன், கேட் பாஸுக்கு 5,100 கட்டுங்கள், வண்டியை இறக்கியதும் திரும்பி வந்துவிடும் என்றான். அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்து, "தப்பாகிவிட்டது, 5,101 போட வேண்டும், ஒரு ரூபாய் குறைந்தால் சிஸ்டம் எடுக்காது, முழுத் தொகையாக மறுபடி போடுங்கள், முதலில் போட்டது தானாக வந்துவிடும்" என்றான். அதையும் போட்டேன். பிறகு ஜிபிஎஸ், இன்சூரன்ஸ் என்று 7,499. ஏற்கெனவே போனதை மீட்க வேண்டும் என்ற பதற்றம்தான் அடுத்த தொகையைப் போட வைக்கிறது. அந்த ஒரு மணி நேரம் நான் வண்டியை நினைக்கவே இல்லை, போன பணத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து 9,200 கேட்டபோது மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள்தான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்தாள். மலையாளத்தில் எடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். எந்த வங்கி, எத்தனை மணி, ஒவ்வொரு பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்க எண் என்ன என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. யுபிஐ செயலியில் அந்தந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் இருக்கும், தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். கடைசிப் பணம் போய் முக்கால் மணி நேரத்துக்குள் அழைத்ததால் அந்த 7,499 மட்டும் எதிர்க் கணக்கில் முடக்கப்பட்டது. அதற்கு முன் போனவை அதற்குள் வேறு கணக்குகளுக்கு மாறிவிட்டன. முடங்கிய பணமும் இன்னும் கைக்கு வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, இவனுங்க வண்டி விக்கலைங்க. வாடகைதான் விக்கிறானுங்க" என்றான். அதே தளத்தில் தேடினோம். அதே வாசகம், அதே எழுத்துப்பிழை, ஊர் மட்டும் வேறாக இன்னும் சில விளம்பரங்கள் கிடைத்தன. படத்தைப் போட்டுத் தேடினால் அதே ஆக்டிவா வேறொரு இடத்தில் சரியான விலைக்கு இருந்தது.

அக்கா மகன் தன்னிடமிருந்த பழைய எண்ணிலிருந்து வாங்குகிறவன் போல ஒரு விளம்பரத்துக்குப் பேசினான். முதலில், வண்டி ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி, சீட்டில் இன்றைய பேப்பரை வைத்து ஒரு படம் அனுப்பச் சொன்னான். பழைய வீடியோதான் வந்தது. பிறகு, "என் மச்சான் சூலூர் கேட்டுக்கு வெளியே ரொக்கத்தோடு நிற்கிறார், வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வாங்க, முழுப் பணமும் வாங்கிக்குங்க" என்றான். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று பதில். உள்ளே வர வேண்டாம், நீங்கள் வெளியே வாருங்கள் என்றதும் கெட்ட வார்த்தை, பிளாக். நான்கு மாதத்துக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்: நேரில் வந்து முழுப் பணத்தையும் தருகிறேன், வாங்கிக்கொள்கிறாயா? விற்கிறவனாக இருந்தால் ஓடி வருவான்.

இன்னொருவனிடம் அட்வான்ஸ் போடுகிறேன் என்று இழுத்து, யுபிஐ முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வாங்கினோம். பணம் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. மத்திய அரசின் சைபர்கிரைம் தளத்தில் சந்தேக எண்களையும் கணக்குகளையும் தெரிவிக்கவும் தேடிப் பார்க்கவும் ஒரு பகுதி இருக்கிறது, அதில் கொடுத்தோம். போன் எண்ணை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்புகளைத் தெரிவிக்கும் சக்ஷு பகுதியில் பதிந்தோம். இவர்களைச் சீண்டுவதென்றால் இதற்காக மட்டும் செய்யுங்கள். சொந்த எண், பெயர், ஊர், படம் எதையும் காட்டாதீர்கள். அவர்கள் அனுப்பும் லிங்கைத் தொடாதீர்கள், செயலி ஏதும் இறக்காதீர்கள். அவர்கள் அனுப்புகிற அடையாள அட்டையில் இருப்பவரைத் திருடன் என்று ஊரெல்லாம் பரப்பவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நேரில் வண்டியைப் பார்த்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. கோவிந்தாபுரம் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு நடந்தது இது. நடுவில் ஒருவன் புகுந்து, விற்பவரிடம் "என் தம்பி வந்து பார்ப்பான், அவனிடம் விலை பேசாதீங்க, அவனுக்கு நான் கடன்பட்டிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறான். இவரிடம் "வண்டியைக் காட்டுவது என் ஆள், அவனிடம் விலை கேட்காதீங்க" என்றிருக்கிறான். இருவரும் ஒரே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விலை பேசாமலேயே இருந்திருக்கிறார்கள். இவர் 35,000 ரூபாயை நடுவில் இருந்தவன் கணக்குக்குப் போட்டுவிட்டு சாவியைக் கேட்டால், வண்டிக்காரர் பணம் எங்கே என்கிறார். விலையை வண்டிக்காரரிடமே வாய்விட்டுப் பேசுங்கள். ஆர்சியில் யார் பெயரோ அவர் கணக்குக்கே, அவர் எதிரிலேயே போடுங்கள். "அவரிடம் விலை பேசாதீர்கள்" என்று யாராவது சொன்னால் முதலில் அதைத்தான் பேச வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒன்று. பணம் வர க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பின் நம்பர் போடுங்கள் என்பான். பணம் வாங்க பின் நம்பர் எப்போதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் வெளியே போகும். ஆர்சியைப் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பவும் வேண்டாம், நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும்.

இனி ஆதார். நான் அனுப்பியது முழுத் தாள், போன் எண்ணோடு. அதனால்தான் சித்தூர்க்காரரால் என்னைப் பிடிக்க முடிந்தது. என் முகவரியில் சித்தூர் தாலுகா என்று இருக்கிறது, பாலக்காட்டுச் சித்தூர். அவருக்கு அதைக் காட்டி, "நானும் சித்தூர்க்காரன்தான், பட்டாளத்தில் இருக்கிறேன்" என்றிருக்கிறான். சொந்த ஊர்க்காரன் என்று நம்பிவிட்டார். கேரளா என்று கீழே இருப்பதைப் பணம் போன பிறகுதான் பார்த்தாராம். மகன் கல்லூரிக்குப் போக வண்டி தேடியிருக்கிறார்.

அவரிடம் என் புகார் எண்ணைக் கொடுத்தேன், என் புகாரின் நகலையும் அனுப்பினேன். அன்றைக்கே அவரும் 1930-க்கு அழைத்துவிட்டார். சித்தூர் காவல் நிலையத்திலிருந்து கேட்டால் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டேன். என் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று சஞ்சார் சாத்தியில் பார்த்தேன், இதுவரை இல்லை. யாருக்காவது ஆதார் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

சித்தூர்க்காரர் ஒருவரோடு இது முடிந்திருக்காது. ஸ்கூட்டர், புல்லட், கார் என்று எதையாவது விற்பதாகச் சொல்லி, கொழிஞ்சாம்பாறை முகவரியோடு, ஐம்பது வயது மதிக்கத்தக்க, கட்டம் போட்ட நீலச் சட்டைக்காரரின் ஆதார் உங்களுக்கு வந்தால் அதிலிருக்கும் எண்ணுக்கு உடனே அழையுங்கள். நான்தான் எடுப்பேன். ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.