முதுகில் கீமோ போடும் நாளில் அறையில் வின்கிரிஸ்டின் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்

வீட்டில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் இதை முழுதாகப் படியுங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் நர்ஸ்கள், மருத்துவர்கள், பார்மசிஸ்ட்டுகளும் படிக்க வேண்டும். கீழே வரும் கதை அந்த அமைப்பில் நடந்தது. ஆனால் அதே மருந்தும் அதே சிரிஞ்சும் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன.

வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகப் போனால் உயிரைக் காக்கும். அதையே முதுகுத்தண்டுக்குள் செலுத்திவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. பிழைத்த ஒரு சிலரும் கை கால் செயலிழந்துதான் பிழைத்திருக்கிறார்கள். மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை. போன பாதை மட்டும்தான் மாறியது.

2001 ஜனவரி 4. நாட்டிங்காம் நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்று. லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் கட்டுக்குள் வந்துவிட்ட 18 வயது இளைஞர் ஒருவர் தொடர் சிகிச்சைக்காக வந்திருந்தார். முதுகில் போட வேண்டிய மருந்து சைட்டராபின். கையில் ஏற்ற வேண்டிய வின்கிரிஸ்டினும் அதே நேரத்தில் வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. இரண்டும் சிரிஞ்சில், இரண்டும் நிறமற்ற திரவம். மூத்தவராக நின்ற மருத்துவர் அந்தப் பிரிவுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. முதல் மருந்து போய்விட்டது. அடுத்த சிரிஞ்சின் பெயர் வாசிக்கப்பட்டதும் இளைய மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. வின்கிரிஸ்டினை முதுகிலா போடுவது என்று கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. அந்த மூத்தவரின் மனதில் இருந்த மருந்து மெத்தோட்ரெக்சேட். அது மஞ்சள் நிறம், கையில் இருந்த சிரிஞ்சோ நிறமற்றது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. தவறு சீக்கிரமே தெரிந்தது, காப்பாற்ற முயன்றார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி அந்த இளைஞர் இறந்தார்.

கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் வந்தது, ஆனாலும் மருந்து உள்ளே போனது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இரண்டு பேர் சரிபார்த்தால் பிழை வராது என்பதுதான் எல்லா வார்டுகளிலும் சொல்லித் தரும் பாடம். ஒருவர் தவறாக நம்பி, இன்னொருவர் அவரை மூத்தவர் என்று நம்பினால், சரிபார்ப்பவர்கள் இரண்டு பேராக இருந்தும் பார்வை ஒன்றுதான்.

இது யாருக்கும் தெரியாத ஆபத்து இல்லை. 1985 முதல் குறைந்தது 13 பேர் முதுகில் தவறான மருந்து ஏறி இறந்தோ முடங்கியோ போனார்கள் என்று இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி லியம் டொனால்ட்சன் தலைமையிலான குழு 2000இலேயே அரசுக்கு எழுதிக் கொடுத்தது. 2001 முடிவதற்குள் இந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று இலக்கும் வைத்தது. அந்த வருடத்தின் நான்காம் நாளே நாட்டிங்காமில் இது நடந்தது. மருத்துவர் ஒருவர் சிறைக்குப் போனார். அவரைச் சிறையில் அடைத்ததால் சிரிஞ்சின் முனை மாறிவிடவில்லை.

முனைதான் விஷயம். சிரிஞ்சு நுனியில் லேசாகக் கூம்பிய பிளாஸ்டிக் மூக்கு இருக்கும். லூயர் என்பார்கள். கை ரத்தக்குழாயில் செருகி வைக்கும் வென்ஃபிளான் குழாய்க்கும் அது பொருந்தும், டிரிப்ஸ் குழாயின் பக்கவாசலுக்கும் பொருந்தும், முதுகில் குத்திய ஊசிக்கும் பொருந்தும். எங்கே செருகினாலும் சிக்கென்று உட்காரும். வசதிக்காகச் செய்த பொதுப் பொருத்தம் அது. தப்பான இடத்தில் செருகினாலும் கைக்கு ஒரு தடையும் தெரியாது. வின்கிரிஸ்டினின் வழக்கமான உச்ச அளவு 2 மில்லிகிராம், அதாவது வெறும் 2 மில்லி. சின்னச் சிரிஞ்சு, ஒரே அழுத்து, சில நொடிகளில் முடிந்துவிடும்.

உள்ளே என்ன ஆகிறது? செல்லுக்குள் நுண்குழாய்கள் உருவாவதைத் தடுத்துத்தான் வின்கிரிஸ்டின் புற்றுசெல் பிரிவதை நிறுத்துகிறது. நரம்பு செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்கு ஏற்றிச் செல்வதும் அதே நுண்குழாய்கள்தான். தண்டுவட நீரில் மருந்து கலந்தால் அந்தப் போக்குவரத்து நின்றுபோகும். முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சுத் தசை. நாட்கள் கணக்கில், மேல்நோக்கி ஏறும். ரத்தத்தில் ஏற்றும்போது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அது அதிகம் போவதில்லை. அதனால்தான் கையில் ஏற்றினால் தாங்க முடிகிறது.

2001 நவம்பரில் என்.எச்.எஸ். கடுமையான நடைமுறையைக் கொண்டுவந்தது. முதுகில் கீமோ போடப் பயிற்சி பெற்றவர்களின் பெயர்ப் பதிவேடு ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாதவர் போடவும் கூடாது, மருந்தை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அதற்கென்று ஒதுக்கிய அறையில், வழக்கமான வேலை நேரத்தில் மட்டும் போட வேண்டும். கையில் ஏற்றும் கீமோ போட்டு முடிந்தது என்ற கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் முதுகுக்கான மருந்து மருந்தகத்தை விட்டு வெளியே வரும். இரண்டு மருந்தும் ஒரே தட்டில் சந்திக்கவே விடாத இந்தக் கடைசி விதிக்குத்தான் நாங்கள் அதிக மதிப்புக் கொடுப்போம்.

அதைவிடப் பெரிய திருத்தம் ஒரு சின்னப் பை. 2007இல் ஹாங்காங்கில் 21 வயதுப் பெண் ஒருவர் இதே தவறால் இறந்த பிறகு, வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் கொடுக்காதீர்கள், மினிபேக்கில் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. 2008 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பெரியவர்கள், பதின்வயதினர் பிரிவுகளுக்கு இதே உத்தரவு வந்தது. 50 மில்லி சலைன் பையில் மருந்தைக் கலந்து 5 முதல் 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். பைக்கு டிரிப்ஸ் குழாய் தேவை, தொங்கவிட ஸ்டாண்ட் தேவை. முதுகு ஊசியோடு அதை யாரும் பொருத்திப் பார்க்கவே மாட்டார்கள். மொத்தத் தண்டுவட நீரே ஏறத்தாழ 150 மில்லிதான், முதுகில் போடும் மருந்தோ வழக்கமாக 5 முதல் 15 மில்லிக்குள். 50 மில்லி பையைப் பார்த்ததுமே இது முதுகுக்கு இல்லை என்று கண்ணே சொல்லிவிடும்.

பையில் கொடுத்தால் மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்து தசையை அரிக்கும் என்று சிலர் மறுத்தார்கள், இப்போதும் மறுக்கிறார்கள். கசிவு ஆபத்து உண்மைதான். அதற்கு வழி, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துத் தொடங்குவதும், கை ரத்தக்குழாயில் பம்ப் வைக்காமல் தானாக இறங்க விடுவதும், அந்தப் பத்து நிமிடம் நர்ஸ் பக்கத்திலேயே நிற்பதும். கசிந்தால் சிகிச்சை செய்ய வழி உண்டு. முதுகில் போனதைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

அடுத்தது முனையையே மாற்றுவது. இங்குதான் பொறுமை போகிறது. முதுகு ஊசிக்குத் தனி இணைப்பு வேண்டும் என்று 2009இல் என்.எச்.எஸ். உத்தரவு போட்டு, 2011 ஏப்ரலைக் கெடுவாக வைத்தது. பொருள் சந்தைக்கு வரவில்லை, கெடு தள்ளிப்போனது. ஐ.எஸ்.ஓ. 80369-6 என்ற தரநிலை வந்ததே 2016இல். அதன்படி செய்த இணைப்புக்கு என்.ஆர்.ஃபிட் என்று பெயர். லூயரைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறுகலானது, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வரும். அது வந்த பிறகும் பல மருத்துவமனைகள் பழையதையே வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜனவரி 31 அன்று தேசிய எச்சரிக்கை வெளியிட்டு ஒரு வருடம் கெடு வைக்க வேண்டி வந்தது. 2001 முடிவதற்குள் பூஜ்யம் என்றவர்கள், முனையை மாற்றக் கட்டாயக் கெடு வைத்தது 2025 ஜனவரிக்கு.

மாற்றும்போது எங்கே கோளாறு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பகல்நேர கீமோ அறையில் மஞ்சள் இணைப்பு வந்திருக்கும், அவசரப் பிரிவின் முதுகுநீர் எடுக்கும் பெட்டியில் பழைய லூயர் ஊசியே கிடக்கும். மருந்து சிரிஞ்சு மருந்தகத்திலிருந்து என்.ஆர்.ஃபிட்டில் வரும், ஊசி லூயராக இருக்கும், பொருந்தாது. இரவு பதினொரு மணிக்கு என்ன செய்வார்கள்? அடாப்டர் தேடுவார்கள், அல்லது மருந்தை இன்னொரு சிரிஞ்சுக்கு மாற்றுவார்கள். மாற்றிய சிரிஞ்சில் லேபிள் இருக்காது. அடாப்டர் ஒன்றை அலமாரியில் வைத்தால் மொத்த மாற்றமும் வீண். ஊசி, சிரிஞ்சு, மருந்து உறிஞ்சும் ஊசி, வடிகட்டி, அழுத்தமானி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி, பழைய சரக்கை வார்டை விட்டே அகற்ற வேண்டும்.

என்.ஆர்.ஃபிட் வந்தும் மூடாத ஓட்டை ஒன்று இருக்கிறது. 2004இல் ஸ்விண்டனில் பிரசவம் முடிந்த சில மணி நேரத்தில் ஒரு தாய் இறந்தார். வலி தெரியாமல் இருக்க முதுகில் எபிடியூரலாகப் போக வேண்டிய ப்யூபிவகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தின் பையைக் கை டிரிப்ஸில் மாட்டிவிட்டார்கள். ரத்தத்தில் ஏறிய அந்த மருந்து இதயத்தை நிறுத்தியது. இது சட்டவிரோதக் கொலை என்று 2008இல் விசாரணை நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். இந்த மாதிரித் தவறைப் புதிய இணைப்பு தடுக்காது. பையின் அடியில் குத்தும் முள் அந்தத் தரநிலைக்குள் வரவில்லை. எபிடியூரல் பையிலும் சலைன் பையிலும் ஒரே முள்தான் குத்தும். ஆகவே எபிடியூரல் பைகளைச் சலைன் இருக்கும் அலமாரியில் வைக்கவே கூடாது. தனி அலமாரி, பூட்டு, தனி லேபிள். வார்டில் வேலை செய்பவர்கள் இதை நாளை காலையிலேயே போய்ப் பார்க்கலாம்.

குடும்பத்தாருக்கு. முதுகில் மருந்து போடும் நாளில், இன்று கையில் ஏற்றும் கீமோவும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உண்டு என்றால், அது முடிந்து கையெழுத்தான பிறகுதான் முதுகு மருந்து வருமா என்று கேளுங்கள். மருந்தின் பெயரைக் காதால் கேட்டதோடு விடாமல் லேபிளைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், வினோரெல்பின் என்று 'வின்' என்று தொடங்கும் எதுவும் முதுகுக்குக் கிடையாது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் போர்டெசோமிப்பும் முதுகில் போய் உயிர் எடுத்திருக்கிறது. பெரியவர்களுக்கு வின்கிரிஸ்டின் சிரிஞ்சில் வந்தால் ஏன் பையில் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம் பேச்சிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. கை ரத்தக்குழாயை நாம் நரம்பு என்கிறோம். நரம்பு கிடைக்கவில்லை, நரம்பு ஊசி என்றுதான் சொல்வோம். தண்டுவடமும் நரம்புதான். நோயாளிக்காக மொழிபெயர்க்க நிற்பவர்கள் தயவுசெய்து அந்தச் சொல்லை அன்று விட்டுவிடுங்கள். கையில் ஏற்றுவது, முதுகில் போடுவது என்று மட்டும் பேசுங்கள். நெஞ்சில் தோலுக்கடியில் மருந்து ஏற்றப் போர்ட் வைத்திருந்தால் போர்ட்டில் ஏற்றுவது என்று சொல்லுங்கள்.

இத்தனையும் மீறி முதுகில் போய்விட்டது என்று தெரிந்தால், மருத்துவர்களே, ஊசியை எடுத்துவிடாதீர்கள். அதே ஊசி வழியாகத் தண்டுவட நீரை உடனே வெளியேற்றத் தொடங்கி, ரிங்கர் லாக்டேட்டால் கழுவ ஏற்பாடு செய்து, நியூரோசர்ஜரியைக் கூப்பிடுங்கள். யார் தவறு என்று கேட்டுக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்.