பூசணிக்கு ஆபரேஷன் முடிந்தது: டிரஸ்ட் கிளினிக் எப்படி?

எங்கள் வீட்டுப் பூனை பூசணி ஒன்றரை வருஷத்தில் மூன்று முறை குட்டி போட்டுவிட்டது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, குட்டிகளுக்கு யாராவது கிடைப்பதற்குள் அடுத்த அறுபது நாளில் இன்னொரு செட் வந்து நிற்கும். கடைசியில் ஐந்து குட்டி. ஹவுஸ் ஓனர் "பூனை இருக்கணுமா, நீங்க இருக்கணுமான்னு முடிவு பண்ணிக்கோங்க" என்று சொன்ன பிறகுதான் கருத்தடை பற்றி விசாரிக்கவே ஆரம்பித்தேன்.

பக்கத்துத் தனியார் கிளினிக்கில் 6,500 ரூபாய், ரத்தப் பரிசோதனை தனி. பிளவுஸ் தைத்து அதைச் சேர்க்க எனக்கு எத்தனை மாசம் ஆகும்! சென்னையில் தெருநாய்களுக்கு புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே கருத்தடையை ஆரம்பித்தது, மாநகராட்சியும் 1996இல் கையில் எடுத்தது. ஆனால் பூசணி தெருநாய் இல்லையே, என் வீட்டில் சோறு தின்கிற பூனை, அதற்கு நான்தான் பணம் கட்டணும்.

அப்புறம் ஒரு டிரஸ்ட் கிளினிக்கைச் சொன்னார்கள். 1,200 ரூபாய், ரேஷன் கார்டு காட்டினால் 800. டோக்கன் கிடைக்க மூன்று வாரம். முதல் தடவை போனபோது டாக்டரம்மா காம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பால் இன்னும் வற்றவில்லை, வற்றினதும் கூட்டிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அவசரப்பட்டு அறுக்காததால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கையே வந்தது.

இரண்டாம் தடவை, ராத்திரியிலிருந்து சாப்பாடு இல்லாமல் ஊரைக் கூட்டிய பூசணியை வயர் கூடையில் போட்டு மேலே துப்பட்டாவைக் கட்டிக் கொண்டுபோனேன். (நீங்கள் மூடியுள்ள கூடையாகப் பாருங்கள், க்யூவில் நாய்கள் இருக்கும்.) காலையில் விட்டோம், சாயங்காலம் கையில் கொடுத்தார்கள். வயிற்றில் உள்ளங்கை அளவு முடி மழித்து, நடுவில் ஒரு சின்னத் தையல். அவ்வளவு சுத்தமான தையல், நான் தைக்கிறவள், எனக்குத் தெரியும்.

குறை என்றால் அதற்குப் பிறகுதான். கையில் கொடுத்த தாள் முழுக்க இங்கிலீஷ். 800 ரூபாய்க்காக ரேஷன் கார்டு நீட்டுகிறவர்களிடம் இங்கிலீஷ் தாளைக் கொடுத்து என்ன பிரயோஜனம், மாடிவீட்டுக் காலேஜ் பெண் படித்துச் சொன்ன பிறகுதான் தையலை நக்கவிடக்கூடாது என்பதே தெரிந்தது. நக்கவிடாமல் தடுக்கக் கழுத்தில் மாட்டுகிற கூம்புப் பட்டையும் தரவில்லை. அம்மாவின் பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டிக் கூம்பாகச் சுருட்டி, ஓரத்துக்கு பயாஸ் துணி வைத்துத் தைத்து மாட்டினேன், கழுத்தைச் சுற்றி அம்மாவின் விலா எலும்போடு பத்து நாள் வீட்டைச் சுற்றி வந்தது பூசணி. இரண்டாம் நாள் ராத்திரி தையல் பக்கம் வீங்கியபோது போன் அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. காலையில் நேரில் போனால் பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

ஆட்டோவுக்கு மட்டும் எல்லாம் சேர்த்து ஆபரேஷன் செலவைவிட அதிகம் ஆகிவிட்டது, மூன்று நாள் தையல் வேலையும் போச்சு. எங்கள் பக்கம் மாசம் ஒரு நாள் வேன் அனுப்பினால் தெருவே திரண்டு வரும்.

குட்டிகளில் ஒரு கடுவன் மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. கடுவனுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சீக்கிரம் முடிந்துவிடும், 500 தானாம். டோக்கன் போட்டாச்சு. எக்ஸ்ரே பிலிமைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.