குட்டி லோரியா, ஃபோர்வீலா? பின்தட்டை அளந்து பார்த்தால்

ஐந்து ஏக்கர் செம்பனை. ஹெக்டருக்கு ஆண்டுக்கு 16 டன் குலை என்று வைத்தால் மொத்தம் 32 டன். மாதம் இரண்டு வெட்டு, ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ 1.3 டன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் சொந்த நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் விரல்விட்டுச் சொல்லிவிடும் கணக்குதான் இது. இந்த 1.3 டன்னை வரப்போரத்திலிருந்து குலை வாங்கும் ரேம்ப் வரை ஏற்றிப்போக எந்த வண்டி வாங்குவது என்பதுதான் கேள்வி.

ஒரு பக்கம் ஃபோர்வீல், அதாவது நான்கு சக்கர இழுவையுள்ள பிக்கப். ஹைலக்ஸ், டிமேக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர் என்று நான்கு கதவும் உயர்ந்த மூக்கும் கொண்ட டீசல் வண்டிகள். மறுபக்கம் குட்டி லோரி. புதிதாக வேண்டுமானால் டைஹாட்சு கிரான் மேக்ஸ் போன்றது. பழையதில் நிசான் வெனட், சுசுக்கி கேரி, ஹைஜெட். இடையில் புரோட்டோன் அரினா என்று ஒன்று இருந்தது. புரோட்டோன் வீரா காரின் உடலில் பின்தட்டு வைத்து 2002-ல் வந்த வண்டி. ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் விற்றது. அதைப் பற்றிப் பிறகு.

ஹைலக்ஸும் ஒரு காலத்தில் குட்டி லோரிதான். 1968-ல் வந்த முதல் ஹைலக்ஸின் நீளம் சுமார் 4.3 மீட்டர், இன்ஜின் 1.5 லிட்டர். இன்றைய கிரான் மேக்ஸின் நீளம் 4.2 மீட்டரை ஒட்டி, இன்ஜின் அதே 1.5 லிட்டர். இன்றைய நான்கு கதவு ஹைலக்ஸோ 5.3 மீட்டர் நீளம், 2.8 லிட்டர் டீசல். வண்டி ஒரு மீட்டர் வளர்ந்திருக்கிறது. வளர்ந்தது உட்காரும் இடம். சுமை வைக்கும் இடம் சுருங்கிவிட்டது.

பின்தட்டுக் கணக்கு

நான்கு கதவு ஃபோர்வீலின் பின்பெட்டி சுமார் 1.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம். உள்ளே இரு பக்கமும் சக்கர வளைவு துருத்திக்கொண்டு நிற்கும். கிரான் மேக்ஸின் தட்டு சுமார் 2.3 மீட்டர் நீளம், 1.58 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம். விளிம்பு வரை கொள்ளளவு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஒரு கனமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் தரைப்பரப்பு ஒன்றில் 2.3 சதுர மீட்டர், மற்றதில் 3.6 சதுர மீட்டர். கோழித்தீவன மூட்டை, நாற்றுப் பை, நாற்காலி அடுக்கு, சமையல் அண்டா இவற்றுக்கெல்லாம் பரப்புதான் பேசும், ஆழம் அல்ல. அண்டாவின் மேல் அண்டா அடுக்க முடியாது.

அதைவிட முக்கியம் உயரம். குட்டி லோரியின் மூன்று பக்கமும் மடக்கி இறக்கிவிடலாம். இறக்கினால் தட்டின் தரை இடுப்புக்குக் கீழே வந்துவிடும். ஃபோர்வீலில் பின்கதவு ஒன்றுதான் திறக்கும். பக்கச்சுவரின் மேல்விளிம்பு நெஞ்சு உயரத்தில் நிற்கும். 20 கிலோ குலையைக் குத்துக்கோலில் குத்தி ஏற்றுபவருக்கு ஒவ்வொரு குலைக்கும் அரை மீட்டர் கூடுதல் தூக்கு. 1.3 டன் என்றால் 65 குலை. வெட்டு நாள் மாலையில் தோளும் முதுகும் இந்த வித்தியாசத்தைச் சொல்லும். ஆள் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும் காலத்தில் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்கக் கூடாது.

எவ்வளவு எடை ஏற்றலாம்? சரக்கு வாகனத்தின் கதவில் இரண்டு எண் எழுதியிருக்கும். ஒன்று பெராத் தன்பா முவாத்தான், வெறும் வண்டியின் எடை. மற்றது பெராத் டெங்கான் முவாத்தான், சுமையோடு அனுமதித்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் அனுமதி, ஓட்டுநரும் உதவியாளும் அதற்குள் அடக்கம். குட்டி லோரிக்கு, ஆட்கள் போக, குலையை 700 கிலோவை ஒட்டி வைத்துக்கொள்வது பத்திரம். அப்படியானால் 1.3 டன்னுக்கு இரண்டு நடை. ஃபோர்வீலுக்கு ஒரு டன் வரை சொல்வார்கள்; குலை காற்றிடைவெளி அதிகமுள்ள சுமை என்பதால் அந்தக் குட்டைப் பெட்டியில் குவித்து அடுக்கினாலும் 700 கிலோ தாண்டுவது கடினம். ஆக, அதற்கும் இரண்டு நடைதான்.

எது எங்கே உடைகிறது

குட்டி லோரியைக் கெடுப்பது பெரும்பாலும் மிகைச்சுமை. இரண்டு நடையை ஒன்றாக்கும் ஆசையில் 1.2 டன் ஏற்றுவார்கள். முதலில் பின்பக்கப் பட்டைவில்லின் நடுத்திருகு அறுந்துபோகும். அச்சு ஒரு பக்கம் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். அடுத்து வில் தொங்கும் கொண்டி சட்டத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். பட்டறையில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்வது வழக்கம். பட்டை கூடினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். பிரேக், பேரிங், டயர் எதுவும் அதனால் வலுப்பெறாது. தாழாத வண்டியைப் பார்த்து இன்னும் ஏற்றுவார்கள் என்பதால் ஆபத்துதான் கூடும்.

டயரில் இன்னொரு தவறு நடக்கிறது. குட்டி லோரிக்குப் பல அடுக்குள்ள வணிக வகை டயர் வேண்டும். விலை குறைகிறதென்று அதே அளவுள்ள கார் டயரை மாட்டினால் சுமையோடு வளைவில் பக்கச்சுவர் வெடிக்கும். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணைப் பழைய டயரோடு ஒப்பிடுங்கள். காற்றழுத்தம் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். சுமைக்கு ஓர் எண், வெறும் வண்டிக்கு ஓர் எண்.

இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் இருக்கையைத் தூக்கினால் வேலை முடியும், ஆனால் அந்தச் சூடு தொடையில் தெரியும். அடிப்பக்கம் சேறு தெறித்து ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துவிட்டால் மெதுவான ஓட்டத்தில் சூடேறும். வாரம் ஒருமுறை மென்மையான நீர்வீச்சில் உள்ளிருந்து வெளியே கழுவுவது போதும். பலமான பீச்சு இடுக்குகளை மடக்கிவிடும்.

உரம் ஏற்றினால் அன்றே கழுவ வேண்டும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. மூட்டையிலிருந்து சிந்தியது இரவுப் பனியில் கரைந்து இரும்பைத் தின்னும். பழைய குட்டி லோரி வாங்குபவர் மேலே பளபளக்கும் சாயத்தைப் பார்க்காமல் படுத்து அடியில் பார்க்க வேண்டும். தட்டு சட்டத்தோடு சேரும் திருகிடங்கள், வில் கொண்டி, பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு ஆகிய மூன்று இடத்தையும் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே துரு.

ஃபோர்வீலின் நோய் வேறு வகை, செலவும் வேறு. டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டி பொருத்திய டீசல் வண்டியைத் தோட்டத்துக்குள் 15 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டி நிறுத்தினால், சேர்ந்த கரியை எரித்துத் தள்ளப் போதிய சூடு வருவதே இல்லை. எரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தும்போது எரியாத டீசல் கீழிறங்கி இன்ஜின் எண்ணெயில் கலக்கும். அளவுகோலில் எண்ணெய் குறைந்தால் கவலைப்படும் நாம், ஏறினால் கவனிப்பதில்லை. ஏறினால்தான் அதிகம் பயப்பட வேண்டும், எண்ணெய் நீர்த்துவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை லாத்தார் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டிவருவது நல்ல மருந்து. ஆனால் அந்த ஓட்டத்துக்கும் டீசல் செலவும் டோலும் உண்டு.

டீசலைப் பீப்பாயில் சேர்த்துவைத்து ஊற்றும் பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. பீப்பாயின் உட்சுவரில் வியர்க்கும் நீர் இன்ஜெக்டரைக் கெடுக்கும். நான்கு இன்ஜெக்டர் மாற்றும் காசில் குட்டி லோரியின் இன்ஜினையே ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய வண்டிகளின் சாமான் விற்கும் கடை) எடுத்துவிடலாம். எண்ணெய் மாற்றும்போது 2.8 லிட்டர் ஹைலக்ஸ் சுமார் 7.5 லிட்டர் குடிக்கும். கிரான் மேக்ஸுக்கு 3 லிட்டர் சொச்சம் போதும். ஒரு பெரிய டயர் விலையில் சின்னதற்கு இரண்டு மூன்று வாங்கலாம்.

சேற்றில் யார் கெட்டி

இதில் குட்டி லோரிக்குப் பரிந்து பேச முடியாது. கோலசிலாங்கூர்ப் பக்கம் நிலம் சமம், ஆனால் களிமண். செம்மண் கொட்டிய பாதையில் மழை விட்ட மறுநாள் குட்டி லோரி போய்விடும். வாய்க்காலோரம் சக்கரத் தடம் ஆழப் பதிந்த பாதையில் வயிறு தட்டும். வெறும் வண்டியாகப் போகும்போதுதான் அதிகம் சிக்கும். ஓட்டுநரும் இன்ஜினும் முன்பக்கம், உந்துவது பின்சக்கரம். பின்னால் எடை இல்லாமல் சக்கரம் சும்மா சுற்றும். மூன்று நான்கு மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே கட்டிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். குலை ஏற்றியதும் மூட்டையை இறக்கிவிட வேண்டும், இல்லையேல் அதுவும் சுமைக் கணக்கில் சேரும்.

சுங்கை சிப்புட், தாப்பா போன்ற இடங்களில் மேட்டு நிலம் வைத்திருப்பவருக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. ஈரமான சரிவில் சுமையோடு இறங்க நான்கு சக்கர இழுவையும் தாழ்கியரும் வேண்டும், அங்கே ஃபோர்வீல்தான். அதிலும் நான்கு கதவை விட ஒற்றைக் கேபின் வண்டி, நீளத் தட்டோடு. அதை ஓட்டுபவர் ஒன்றை மறக்கக் கூடாது. உலர்ந்த தார்ச்சாலை ஏறியதும் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் வளைத்தால் முன்னும் பின்னும் சுற்றும் வேகம் ஒத்துப்போகாமல் கியர் இறுகிக்கொள்ளும்.

ஆண்டில் எத்தனை நாள் நான்கு சக்கர இழுவை உண்மையாகவே தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். பத்து நாள் என்றால் அந்தப் பத்து நாளைக்கு டிராக்டர் வாடகைக்கு எடுப்பது மலிவு.

காசு

150,000 ரிங்கிட் வண்டி. பத்து விழுக்காடு முன்பணம் போக 135,000 கடன். ஒன்பது ஆண்டு, நிலை வட்டி 3 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 1,587 ரிங்கிட். அதே கணக்கில் 70,000 ரிங்கிட் குட்டி லோரிக்கு மாதம் 741. ஐந்து ஏக்கரில் மாதம் 2.7 டன் குலை, டன் 800 ரிங்கிட் என்றால் 2,160 ரிங்கிட் வரவு. உரம், வெட்டுக்கூலி கழிக்கும் முன். ஐந்து ஏக்கர் ஒரு புது ஃபோர்வீலுக்குச் சோறு போடாது. அந்த நிலத்தை நம்பி இந்தக் கடனில் இறங்கும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதுதான் அக்கறை.

எரிபொருளில் நிலைமை மாறிவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குப் போனது, அதன்பின் சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. ரோன்95 பெட்ரோல் 2025 செப்டம்பர் இறுதியில் மைகார்டு அடையாள அட்டையும் செல்லுபடியாகும் லைசென்ஸும் உள்ள குடிமக்களுக்கு 1.99 ஆனது, தொடங்கியபோது மாத வரம்பு 300 லிட்டர். இரு வண்டியும் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 1.99 விலையில் குட்டி லோரி 199 ரிங்கிட், 3.35 விலையில் ஃபோர்வீல் 335. டீசல் விலையேற்றத்துக்கு ஈடாக அரசாங்கம் தரும் புடி மடானி ரொக்க உதவி கிடைப்பவர் வேறு மாதிரி கணக்குப் போட வேண்டும். 2024-ல் தொடங்கியபோது அது மாதம் 200 ரிங்கிட்; லிட்டருக்கு 1.20 ஏற்றத்தை 166 லிட்டர் வரை அது ஈடுகட்டியது. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே டீசலை ஒதுக்குங்கள்.

குட்டி லோரியைச் சரக்கு வாகனமாகப் பதிந்தால் அவ்வப்போது பரிசோதனை உண்டு. பிரேக் சமமின்மை, எரியாத விளக்கு, தேய்ந்த டயர் இவற்றில்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். முதல் நாளே பட்டறையில் பார்த்துவிட்டால் ஒரு நாள் வேலை மிச்சம். வீட்டில் யாரிடம் எந்த லைசென்ஸ் என்றும் பாருங்கள். இளையவர்கள் பலரிடம் இருப்பது டிஏ, ஆட்டோ கியருக்கு மட்டும். குட்டி லோரிகள் பெரும்பாலும் மேனுவல் கியர். மகன் ஓட்டுவான் என்று வாங்கிவிட்டு அவனால் சட்டப்படி ஓட்ட முடியாமல் நிற்கும் வீடுகள் உண்டு.

குடும்பம், பாதுகாப்பு

குட்டி லோரியில் இருவர்தான். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளோடு போக அது உதவாது. மூக்கில்லாத வண்டி என்பதால் நேர்மோதலில் முழங்காலுக்கும் எதிர்வண்டிக்கும் இடையே அதிக இரும்பு இல்லை. சுமையோடு 80-க்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கான வண்டி அல்ல அது. வாரம் இருமுறை கோலாலம்பூர் சந்தைக்குப் போகும் காய்கறி வியாபாரிக்கு ஃபோர்வீலின் நிலைப்பும் காற்றுப்பைகளும் காசுக்குத் தகும். வீட்டில் வேறு கார் இல்லாதவருக்கும் அப்படியே.

ஆனால் வாசலில் ஏற்கெனவே ஒரு மைவியோ சாகாவோ நிற்கிறது என்றால், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை போடுபவர், பந்தல் சாமான் ஏற்றுபவர், மாட்டுக்குப் புல் அறுத்து வருபவர், கேஸ் தோம்பு விநியோகிப்பவர் யாருக்கும் ஃபோர்வீல் தேவையில்லை. கடைவரிசையின் பின்சந்தில் 5.3 மீட்டர் வண்டியைத் திருப்பிப் பார்த்தவருக்கு இது புரியும். பக்கப்பலகையை இறக்கினால் தட்டே வியாபார மேசை. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கு அதுவே மோர் ஊற்றும் திண்ணை.

அரினா? முன்சக்கர உந்து, கார் போன்ற ஓட்டம், வீராவுக்குக் கிடைக்கும் இன்ஜின் சாமான்கள். தார்ச்சாலையில் 300 கிலோ ஏற்றும் மின்வேலைக்காரர், புல்வெட்டுபவருக்கு இன்றும் நல்ல வண்டி. குலைக்கு வேண்டாம். பின்னால் எடை ஏற ஏற உந்தும் முன்சக்கரம் இலேசாகி, ஈர மேட்டில் நின்றுவிடும்.

சமநிலம், ஐந்து பத்து ஏக்கர், வீட்டில் ஒரு கார் என்றால் குட்டி லோரி வாங்குங்கள். மேட்டுநிலம் என்றால் ஒற்றைக் கேபின் பழைய ஹைலக்ஸ், 2005-க்குப் பின் வந்த வீகோவாக இருந்தால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதும் இன்ஜெக்டர் சோதனைத் தாளும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் காட்ட மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.