பை ஒட்டு மாங்கன்று: இலையை விடுங்க, ஒட்டைப் பாருங்க

நர்சரியில் கறுப்புப் பையில் விற்கும் ஒட்டு மாங்கன்று நல்ல சரக்குதான். பத்துக்கு ஏழு தாராளமாகக் கொடுக்கலாம். மீதி மூன்றும் போவது ஒட்டுப் போட்ட இடத்தில்தான். தழும்பு மூடி, வேர்ச்செடியும் (கொட்டையில் முளைத்த அடிப்பகுதி) அதில் ஒட்டிய ரகத்தின் மேல்தண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருந்தால் எடுங்கள். லேசாக வளைத்தாலே வாய் பிளக்கிறதா, தளதளவென்று இருந்தாலும் வேண்டாம்.

பலரும் கவனிக்காதது ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா. அதை அவிழ்க்காமலே விற்றுவிடுகிறார்கள். தண்டு பருக்கப் பருக்க நாடா பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து வேருக்கு இறங்கும் உணவை மறிக்கும். நாடாவுக்கு மேலே வீங்கும். காற்றடித்தால் அங்கேயே ஒடியும். ஒட்டு நன்றாகக் கூடி, புதுத்தளிர் முற்றியபின் நாடாவில் பிளேடால் மேலிருந்து கீழே ஒரே கீறல் போட்டு உரியுங்கள். சுற்றிச் சுற்றி இழுத்தால் பட்டையும் கூடவே வரும்.

பூவோடு நிற்கும் கன்றுக்கு ஏக கிராக்கி. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மேல்தண்டாக ஒட்டிய குச்சி காய்த்த மரத்தில் வெட்டியது, அதனால் முழங்கால் உயரத்திலேயே பூக்கிறது. முதல் மூன்று ஆண்டு பூங்கொத்தைக் கிள்ளாவிட்டால் சத்தெல்லாம் காய்க்குப் போய், கிளை பிடிக்காது.

பையின் ஓட்டை வழியே தடித்த வேர் நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய சரக்கு. ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும்.

குழி எல்லாப் பக்கமும் 1 மீட்டர். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம். பையை நெடுக அறுத்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். ஒட்டு தரையிலிருந்து 15 செ.மீ. மேலே நிற்கட்டும், புதைந்தால் அழுகும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை எல்லாம் உடனே கிள்ளுங்கள். விட்டால் அது மேல்தண்டை அமுக்கிவிடும். பிறகு காய்ப்பது நீங்கள் காசு கொடுத்த ரகமல்ல, ஏதோ ஒரு கொட்டை மா.

ரகச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். சின்னக் கன்றின் இலையைப் பார்த்து ரகம் சொல்வது கடினம்; தாய்மரத்தைக் காட்டும் இடத்தில் வாங்குவதே பாதுகாப்பு. இடம் குறைவென்றால் ஆம்ரபாலி: தசேரியும் நீலமும் சேர்ந்தது, குட்டை மரம், ஆண்டுதோறும் காய்க்கும். அல்போன்சா ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் ஓய்வெடுக்கும். வெளியே பளபளப்பான பழத்துக்குள்ளேயே சதை பஞ்சாகிக் கிடப்பதும் உண்டு. ஒரே மரம்தான் வைக்க முடியும் என்பவருக்கு அது சரிப்படாது.