ஃப்யூயல் செல் பங்கு பரிந்துரை: இந்த மாதிரி டெலிகிராம் குழுக்களில் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்கச் சந்தையில் உள்ள ஃப்யூயல் செல் (எரிபொருளை எரிக்காமல் வேதிவினை மூலம் மின்சாரம் தரும் கலம்) நிறுவனப் பங்குகளை ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்று சந்தா வாங்கும் ஒரு டெலிகிராம் குழுவில் சேர்ந்திருந்தேன். அங்கே நடந்ததை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ப்ளூம் எனர்ஜி, பிளக் பவர், பல்லார்டு, ஃப்யூயல்செல் எனர்ஜி நான்கையும் ஒரே அட்டவணையில் போட்டிருந்தார்கள். அதில் பங்கு விலையும் புதிய ஒப்பந்த அறிவிப்புகளும் மட்டும்தான். விலை குறைந்தது எதுவோ அதுவே மலிவு என்ற கணக்கில் ஃப்யூயல்செல் எனர்ஜியை வாங்கச் சொன்னார்கள்.

2024 நவம்பரில் அந்த நிறுவனம் ரிவர்ஸ் ஸ்ப்ளிட் செய்து 30 பங்குகளை ஒன்றாக்கியது. 300 பங்கு வைத்திருந்தவரிடம் 10 பங்கு. மதிப்பு ஒரு பைசாகூட ஏறவில்லை. ஆனால் குழுவில் பழைய விலையையும் புது விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பரிந்துரை பல மடங்கு ஏறிவிட்டதாகப் படம் போட்டார்கள். அதை நம்பிப் புது ஆட்கள் பணம் கட்டினார்கள். எனக்கு ஆறவே இல்லை. கேள்வி கேட்டதும் என்னை நீக்கிவிட்டார்கள், சந்தாவும் திரும்பவில்லை.

இதே நிறுவனம் 2015-லும் 2019-லும் 12 பங்குகளை ஒன்றாக்கியிருக்கிறது. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 2015 தொடக்கத்தில் இருந்த 4,320 பங்குகள் இன்று ஒரே பங்கு. நஷ்டத்தை ஈடுகட்டப் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தால் விலை தேயும், நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் ஒரு டாலர் வரம்புக்குக் கீழே போனால் இப்படி ஒன்றாக்குவார்கள். ஒப்பீடு என்று காசு வாங்குகிறவர் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தானே?

தொழில்நுட்பத்தைப் பற்றியும் ஒரு வரி இல்லை. பிளக், பல்லார்டு செய்வது சுமார் 80 டிகிரி செல்சியஸில் ஓடும் பெம் (மெல்லிய சவ்வு கொண்ட) வகை. பிளாட்டினமும் சுத்தமான ஹைட்ரஜனும் வேண்டும். ஃபோர்க்லிஃப்ட், பேருந்துகளுக்குப் போகிறது. ப்ளூமின் திட ஆக்சைடு கலம் பல நூறு டிகிரி சூட்டில் இயற்கை எரிவாயுவிலேயே ஓடும். டேட்டா சென்டர்கள் வாங்குகின்றன. ஹைட்ரஜன் விலை பிளக்கை வதைக்கிற அளவுக்கு ப்ளூமைத் தொடாது. 2021 ஜனவரியில் 75 டாலரைத் தொட்ட பிளக், 2023 நவம்பரில் தொடர்ந்து இயங்க முடியுமா என்பதே சந்தேகம் என்று தானே எச்சரித்தது. 2025-ல் ஒரு டாலருக்குக் கீழே வந்தது. ப்ளூமை நிறுவிய கே.ஆர்.ஸ்ரீதர் திருச்சியில் பொறியியல் படித்தவர் என்பதை மட்டும் வாரம் தவறாமல் போட்டார்கள், அதுவும் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் செய்தியோடு.

பங்கு ஆலோசகர்கள் செபியில் (இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த செபி பதிவு எண்ணைப் பின்னர் செபி தளத்தில் தேடினேன், அப்படி ஒரு பதிவே இல்லை. பணம் கட்டுமுன் அந்த எண்ணை நீங்களே தேடுங்கள். அப்புறம், கடந்த ஐந்து ஆண்டில் மொத்தப் பங்கு எண்ணிக்கை எவ்வளவு கூடியது, கையிருப்புப் பணம் எத்தனை காலாண்டுக்குத் தாங்கும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே குழுவில் ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் உடனே சேமித்து வையுங்கள், பழைய செய்திகளை அழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.