சாமி சிலை வாங்குகிறவர்கள் முதலில் பீடத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

கும்பகோணம் பக்கம் சிலை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரைப் போடவில்லை.

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக முக்கால் அடி உயரத்தில் ஒரு சிவகாமி அம்மன் வாங்கினோம். பழுப்பேறிய நிறம், முகத்தில் அப்படி ஒரு லட்சணம். "மெழுகு வார்ப்பு அண்ணே, பஞ்சலோகம். கிலோ கணக்குதான், எடை பொய் சொல்லாது" என்று தராசில் வைத்தே காட்டினார் கடைக்காரர். எடை பொய் சொல்லவில்லைதான்.

அபிஷேகத்துக்கு முன் அக்கா புளி போட்டுத் தேய்த்தாள். பழுப்பு மொத்தமும் கையோடு வந்துவிட்டது. உள்ளே பளீரென்று மஞ்சள் பித்தளை. பஞ்சலோகத்தில் செம்புதான் பெரும்பங்கு. தேய்த்தால் செம்மை தட்ட வேண்டும். சந்தேகம் வந்து கவிழ்த்துப் பார்த்தோம். பீடத்தின் அடியில் கறுப்பு பெயிண்ட். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் சிமெண்டு உதிர்ந்தது, அதன் பின்னாலேயே பொலபொலவென்று மணல். அத்தனைக்கும் பஞ்சலோக விலை! ஆற்று மணல் ஏன் கிடைப்பதில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய கோடு, அரம் போட்டு மழுக்கியது. இரண்டு பாதி அச்சைச் சேர்த்து ஊற்றியதன் தழும்பு அது. கடைக்காரர் சொன்ன மெழுகு வார்ப்பு என்பது சுவாமிமலை ஸ்தபதிகளின் முறை. அதில் மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதில் இப்படி ஒரு கோடு விழ வழியில்லை. பாவம், உலைச் சூட்டில் வேகிற ஸ்தபதிகளின் பெயரைச் சொல்லித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

கடைக்குப் போனோம். "வாங்கின சாமியைத் திருப்பிக் கொண்டாரக் கூடாதுங்க, குடும்பத்துக்கு ஆகாது" என்றார். பில்லில் 'கைவினைப் பொருள் - 1' என்பதோடு சரி.

எனவே, கவிழ்த்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். உலோகம், எடை, கன வார்ப்பா (உள்ளே முழுக்க உலோகமா) பொள்ளலா (உள்ளே வெற்றிடமா) என்பதெல்லாம் பில்லில் வரட்டும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டினால் மயங்க வேண்டாம், பித்தளையிலும் ஒட்டாது. நகைச் சோதனை மையங்களில் உள்ள எக்ஸ்ஆர்எஃப் கருவியில் (எக்ஸ்-கதிரால் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டுவது) வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும். முலாம் பூசியிருந்தால் முலாமைத்தான் சொல்லும். அடிப்பாகத்தில் ஓர் ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டு அந்த இடத்தை வைக்கச் சொல்லுங்கள்.

"பழைய சிலை, வெளியில் சொல்லாதீங்க" என்று யாராவது காதைக் கடித்தால் உடனே இறங்கி வந்துவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த சிலை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் அதை விற்பதே குற்றம். அவர் சொல்வது பொய் என்றால் பணம் போகும், நிஜம் என்றால் போலீஸ் வரும்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில்லைப் பத்திரமாக வையுங்கள். சுரண்டிய சிமெண்டையும்தான்; எங்களுடையது ஒரு கவரில் இருக்கிறது.